பழைய புல்லட்டும் புதிய தீப்பொறியும்

மின்தூண்டல் பாடத்தைப் படிக்கிறோம், தேர்வும் எழுதிவிடுகிறோம். ஆனால் அப்பாடம் நாள்தோறும் நம் தெருவில் ஓசையோடு ஓடுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி, 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த விதியின்படியே பிறக்கிறது. பழைய வண்டியொன்றில் அத்தீப்பொறியையும் ஒயர்களையும் எவ்வாறு எளிமைப்படுத்துகிறார்கள் என்பதை இங்கே காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி புல்லட். இப்பெயரை 1932இல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்தார் சூட்டினர். 1955இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் அமைந்தபின், திருவொற்றியூரிலிருந்து அவ்வண்டிகள் நாடெங்கும் சென்றன. அவற்றுள் பழையனவற்றை வாங்கி, இருக்கையைக் குறுக்கி, முன்விளக்கைத் தாங்கும் பெரிய உலோகக் கூட்டை நீக்கி, தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்வோர் உண்டு. ஒயர் இணைப்புகள் பல அக்கூட்டுக்குள்ளேதான் அடைந்திருக்கும். கூடு போனால் ஒயர் வேலையைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

முதலில் தீப்பொறியைப் பார்ப்போம். பாட்டரியின் மின்சாரம் பற்றவைக்கும் காயிலின் முதல் சுற்றில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அம்மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால் காந்தப்புலம் சரிகிறது. உடனே, பல்லாயிரம் முறை சுற்றிய இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் தூண்டப்படுகிறது. அதுவே ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. ஆகவே தீப்பொறிக்கு வேண்டியது, சரியான நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓர் அமைப்பு.

பழைய புல்லட்டில் இவ்வேலையைச் செய்வன ‘பாயிண்ட்’ என்னும் இரு சிறு உலோக முனைகள். அவை விலகும் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால், அவை விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். முனைகள் கருகாதிருக்கக் கண்டென்சர் ஒன்று துணை நிற்கிறது. ஆயினும் நாளடைவில் முனைகள் குழிவிழும்; இடைவெளி மாறும்; பொறி பிறக்கும் நேரமும் பிசகும். அப்போது வண்டி உதைத்தாலும் கிளம்பாது.

மின்னணு முறையில் உராயும் முனைகளே இல்லை. சுழலும் அச்சில் ஒரு சிறு காந்தம். அதன் எதிரே அதை உணரும் ஒரு கருவி. காந்தம் கடக்கும்போது கருவி குறிப்புத் தர, டிரான்சிஸ்டர் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இக்கருவிகள் பலவற்றுக்கு அடிப்படை, எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவு. அப்போது அவரும் நம்மைப் போல் ஒரு மாணவரே! தேயும் முனைகள் இல்லாததால், ஒருமுறை சரியாக அமைத்த நேரம் எளிதில் பிசகுவதில்லை.

இனி ஒயர்கள். பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு முதன்மை ஒயர், அதில் ஒரு பியூஸ், அடுத்துச் சாவி. சாவிக்குப் பின் கிளைகள் மூன்று: தீப்பொறிக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று, ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒன்று. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் சீராக்கப்பட்டுப் பாட்டரிக்குத் திரும்புகிறது. இவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் வரைந்துவிடலாம்.

பியூஸின் அளவை நாமே கணக்கிடலாம். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் முன்விளக்குக்கு 5 ஆம்பியர். 21 வாட் பிரேக் விளக்கும் 5 வாட் பின்விளக்கும் சேர்ந்து 2 ஆம்பியருக்குச் சற்று மேல். காயிலின் மின்தடை 4 ஓம் எனில் 3 ஆம்பியர். ஹாரனையும் சேர்த்தால், அத்தனைக்கும் ஏற்ற தடிப்புள்ள முதன்மை ஒயருக்கு 15 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். பியூஸ் இல்லாத வண்டியில் ஒயரின் உறை கிழிந்து உலோகத்தில் பட்டால், ஒயரே பழுக்கக் காய்ந்துவிடும். பெட்ரோல் தொட்டிக்கு அடியில் அது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பலர் மறந்துவிடுவது மின்சாரம் திரும்பும் வழியை. பழைய வண்டிகளில் இரும்புச் சட்டமே திரும்பும் வழி. புது வண்ணம் பூசிய இடத்தில் மின்சாரம் பாயாது; திருப்பும் கைப்பிடியின் பேரிங்குகளையும் நம்ப முடியாது. எனவே முன்விளக்குக்கும் எஞ்சினுக்கும் திரும்பு ஒயரைத் தனியே இடுவதே நன்று. பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். அதை அறியாமல் முனை மாற்றி இணைத்தால் மின்னணுப் பெட்டி ஒரு கணத்தில் பாழாகும்.

புதிய முறைக்கும் குறையுண்டு. பாட்டரி தளர்ந்தால் பொறி தவறும். குழிவிழுந்த பாயிண்டை வழியில் நிறுத்தி, மெல்லிய அரத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். கெட்டுப்போன மின்னணுப் பெட்டியை வழியில் சீராக்க முடியாது. ஆகையால் பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் கருவிப் பையில் வைத்துக்கொள்வோர் உண்டு.

எளிமை என்று சொல்லிப் பிரேக் விளக்கையும் ஹாரனையும் கழற்றிவிடுவது எளிமையாகாது. பின்னால் வருபவருக்கு நாம் நிற்கப் போவதைத் தெரிவிப்பது அவ்விளக்கே. பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

தோழியரே, எந்த ஒயர் எதற்கு என்று தெரியாதவர் கையில் அது வெறும் சிக்கல். தெரிந்தவர் கையில் அது ஒரு பக்கப் படம். முதலில் படத்தை வரைவோம். வெட்டும் குறட்டைப் பிறகு எடுப்போம். ஒவ்வோர் ஒயரின் வேலையையும் அறிந்தபின் தேவையற்றதை மட்டும் நீக்குவதே உண்மையான எளிமை.