வேர் நோகாமல் மண் அகழும் காற்றுக் கருவி

"ஆணிவேர்" என்கிறோம், "வேரூன்றிவிட்டது" என்கிறோம், "வேரோடு களைந்தான்" என்கிறோம். நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலே வேர் இவ்வாறு கலந்திருக்கின்றது. ஆயினும் வளவில் நிற்கும் மரமொன்று வாடத் தொடங்கினால் நமது கண் முதலிற் செல்வது இலையின் மீதுதான். இலையிலே பூச்சியைத் தேடுகின்றோம். பட்ட கிளையைத் தறிக்கின்றோம். பசளையை அள்ளிக் கொட்டுகின்றோம். வாளி வாளியாக நீர் வார்க்கின்றோம். மரத்தின் நோய் பல வேளைகளில் மண்ணுக்குள்ளே மறைந்து கிடக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அந்த மறைவிடத்தைத் திறந்து பார்ப்பதும் எளிதன்று. மண்வெட்டியால் வெட்டினால் மண்ணோடு வேரும் அறும். அலவாங்காற் குத்தினால் வேர்ப்பட்டை நசியும். நீரைப் பாய்ச்சித் தோண்டினால் மண் கரைந்து சேறாகிவிடும். நோயாளியின் உடலைத் திறந்து பார்க்கப் புகுந்து உயிரையே போக்கிவிட்ட கதையாக முடியும். இந்த இக்கட்டைத் தீர்க்க வந்ததே அமுக்கிய காற்றினால் மண்ணை அகழும் கருவி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மரங்களைப் பேணுந் தொழில் புரிவோர் இதனை இன்று பயன்படுத்தி வருகின்றனர். இக்கருவியின் இயல்பு யாது? இதனைத் தெரிவு செய்வோர் எவற்றைக் கவனித்தல் வேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

புயல் கற்பித்த பாடம்

இலண்டன் மாநகரில், கியூ என்னும் இடத்தில், உலகப் புகழ் பெற்ற தாவரவியற் பூங்கா ஒன்று உண்டு. அங்கே 1798ஆம் ஆண்டளவில் நடப்பட்ட ஓக் மரமொன்று நிற்கின்றது. "டேர்னர் ஓக்" என்பது அதன் பெயர். 1980ஆம் ஆண்டுகளில் அம்மரம் தளர்ந்து நலிந்து காணப்பட்டது. அதற்கு உற்ற நோய் இன்னதென்று பூங்காவினருக்கு எளிதில் விளங்கவில்லை.

1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் தேதி இரவும் மறுநாள் விடியலுமாகத் தென் இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கியது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. கியூ பூங்காவில் மாத்திரம் சுமார் 700 மரங்கள் அழிந்தன. டேர்னர் ஓக் மரத்தையோ புயற்காற்று வேர்த்திரளோடு மேலே தூக்கி, இருந்த குழியிலேயே மீண்டும் இருத்திவிட்டது. இனி இது பிழைக்காது என்று பூங்காவினர் கருதினர். ஆயினும் வெட்டி அகற்ற வேண்டிய மரங்கள் எத்தனையோ முன்னே கிடந்தமையால், இதற்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கச் சென்றனர்.

மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர் அம்மரத்தினிடம் திரும்பி வந்தவர்கள் வியப்புற்றனர். சாகக் கிடந்த மரம் தழைத்துச் செழித்து நின்றது! காரணத்தைச் சிந்தித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பல்லாண்டு காலமாக அம்மரத்தின் கீழே நடந்தும் நின்றும் சென்ற மக்களின் காலடிகள் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டன. வேர் மூச்சின்றித் திணறியது. புயல் மரத்தைத் தூக்கி அசைத்தபோது அந்த இறுக்கம் உடைந்தது. மண்ணுள்ளே காற்றுப் புகுந்தது. மரம் உயிர் பெற்றது. அன்று பூங்காவின் மரங்களைக் கவனித்தவர்களுள் ஒருவரான ரொனி கேர்க்கம் என்பார் இந்தப் பாடத்தைப் பிற்காலத்திற் பலருக்கும் எடுத்துரைத்தார். அதன் பின்னர் அமுக்கிய வாயுவை மண்ணுள்ளே செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்தும் முறையைக் கியூ பூங்காவினரும் கைக்கொள்ளலாயினர்.

மண்ணும் மூச்சு விட வேண்டும்

நல்ல தோட்ட மண்ணை ஒரு பெட்டியில் எடுத்தால், அதிற் பாதியளவே திடப்பொருள். மற்றப் பாதி சிறிதும் பெரிதுமான துளைகள். அத்துளைகளில் ஏறத்தாழ ஒரு பங்கில் நீரும் ஒரு பங்கிற் காற்றும் இருப்பது மரத்திற்கு உகந்த நிலை. வேரும் நம்மைப் போலவே ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. மனிதர் மிதித்தாலும், மோட்டார் வண்டிகள் நின்றாலும், கட்டட வேலைக்கென்று கல்லும் மணலும் குவிக்கப்பட்டாலும் முதலில் அழிவன பெரிய துளைகளே. காற்று உலாவும் வழியும் மழைநீர் இறங்கும் வழியும் அவைதாம். அவை அடைபட்டால் மழை பெய்தும் நீர் மேலோடி வழிந்துவிடும். வேர் நுனி முன்னேற வழியின்றித் தடைப்படும்.

மரத்தின் வேர்கள் பாதாளம் வரை செல்வதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. பெரும்பாலான மரங்களில், நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களுட் பெரும் பகுதி மேல்மண்ணின் ஓரடி ஆழத்துக்குள்ளேயே பரந்திருக்கின்றது. பக்கவாட்டிலோ கிளைகளின் எல்லையையும் கடந்து வெகுதூரம் ஓடுகின்றது. ஆகவே மண் இறுகும்போது அடிபடுவது மரத்தின் உயிர்நிலையே. அந்த ஓரடி மண்ணை வேர் அறாமற் கிளறுவதற்குத்தான் காற்றுக் கருவி வேண்டியிருக்கின்றது.

காற்று மண்ணை வெட்டுவது எப்படி?

காற்று மண்ணை வெட்டுமா என்று சிலர் ஐயுறலாம். இக்கருவியின் நுட்பமெல்லாம் அதன் குழல்வாயில் அடங்கியுள்ளது. சாதாரணக் குழாயின் நுனியில் வெளிப்படும் அமுக்கிய காற்று நாற்புறமும் சிதறி வலுவிழக்கும். இக்கருவியின் குழல்வாயோ முதலில் ஒடுங்கிப் பின்னர் விரியும் அமைப்புடையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் தேசத்துப் பொறியியலாளரான குஸ்தாவ் டி லாவால் நீராவிச் சுழலிக்கென்று கையாண்ட அமைப்பு இது. ரொக்கெட்டின் வால்முனையும் இவ்வமைப்பையே உடையது. இதன் வழியே வரும் காற்று ஒலியினும் விரைந்த வேகத்தோடு, சிதறாமல், ஒரே கற்றையாகப் பாய்கின்றது.

மண்ணிலே துளைகள் உள. பாய்ந்து வரும் காற்று அத்துளைகளிற் புகுந்து அங்கே விரிகின்றது. அவ்விரிவைத் தாங்க மாட்டாமல் மண்கட்டி உடைந்து பொடியாகின்றது. வேரோ துளையற்ற பட்டையும் வளையும் தன்மையும் உடையது. காற்று அதன் மேல் வழுக்கிச் செல்லும். நிலத்தில் புதைந்துள்ள நீர்க்குழாயும் மின்கம்பியும் அவ்வாறே தப்புகின்றன. மண்ணை வெட்டி வேரை விடும் வித்தை இதுவே.

தெரிவு செய்வோர் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, வேலை யாது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். இக்கருவிகள் இரு வகைப்படும். ஒன்று, மேலிருந்து மண்ணை ஊதி அகற்றி வேரை வெளிப்படுத்துவது. அடிமரம் மண்ணில் ஆழப் புதைந்திருந்தால் அதனை வெளிக்கொணரவும், அடிமரத்தைச் சுற்றி நெரிக்கும் வேரைக் கண்டறியவும், வேரை அறுக்காமல் குழாய் பதிக்க வாய்க்கால் அமைக்கவும் உதவுவது இவ்வகையே. மற்றது, கூரிய குழலை நிலத்திற் செலுத்தி, உள்ளே காற்றை வெடிப்பாக விட்டு, மண்ணைப் பிளப்பது. புற்றரையைக் குலைக்க விரும்பாத இடத்திற்கு இது ஏற்றது. ஆனால் வேரைக் கண்ணாற் காண இயலாது. வேரை நெரிக்கும் நோயை இது தீர்க்கவும் மாட்டாது.

இரண்டாவதாக, காற்றின் அமுக்கம் மாத்திரம் போதாது, அளவும் வேண்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். இக்கருவிகளுட் பெரும்பாலானவை சதுர அங்குலத்திற்குச் சுமார் 90 இறாத்தல் அமுக்கத்தில் இயங்குகின்றன. வண்டிச் சில்லுக்குக் காற்றடிக்கும் சிறிய இயந்திரமும் இந்த அமுக்கத்தைத் தரக்கூடும். ஆனால் அது நிமிடத்திற்குத் தருவது சில கன அடிக் காற்றே. மண் அகழும் கருவியோ நிமிடத்திற்கு 100 முதல் 200 கன அடி வரை காற்றை விழுங்கும். நூறு கன அடிக் காற்றை இந்த அமுக்கத்தில் இடையறாது வழங்க ஏறக்குறைய 25 குதிரை வலுவுள்ள இயந்திரம் வேண்டும். தெருவை உடைக்கும் வேலையாட்கள் இழுத்து வரும் பெரிய காற்றமுக்கும் இயந்திரமே இதற்கு ஏற்ற துணை. அதனை விலைக்கு வாங்காமல் வாடகைக்குப் பெறுவாரும் உளர்.

மூன்றாவதாக, குழல்வாயை இயந்திரத்திற்கு ஏற்பத் தெரிதல் வேண்டும். இயந்திரத்தின் ஆற்றலுக்கு மிஞ்சிய குழல்வாயைப் பூட்டினால் அமுக்கம் வீழ்ந்து, வேகமாகப் பாய வேண்டிய காற்று வெறும் ஊதலாகிவிடும். பெரிய இயந்திரத்திற்கு மிகச் சிறிய குழல்வாயைப் பூட்டினால் எரிபொருளே வீண். இறப்பர்க் குழாய் ஒடுங்கியதாயும் மிக நீண்டதாயும் இருந்தாலும் வழியிலேயே அமுக்கம் குறையும்.

நான்காவதாக, காப்பு. கையை எடுத்தவுடன் காற்று நின்றுவிடும் விசை அமைந்த கருவியே கொள்ளத்தக்கது. நிலத்தடி மின்கம்பி உள்ள நகரங்களில், மின்சாரம் கடவாத கண்ணாடி நார்த் தண்டு கொண்ட கருவி உலோகத் தண்டினும் நன்று. தெறிக்கும் மண்ணைத் தடுக்கும் வட்ட மறைப்பும் இருத்தல் நலம். கருவியின் எடையையும் கையில் ஏந்திப் பார்த்தே தெரிய வேண்டும். மணிக்கணக்காகத் தாங்க வேண்டியது மனிதக் கை அல்லவா?

கையாளும் முறை

எத்துணை நல்ல கருவியாயினும் அறியாதவர் கையில் அது தீங்கே விளைக்கும். காய்ந்து இறுகிய களிமண்ணிற் காற்று எளிதிற் புகாது. முதல் நாளே மண்ணை நனைத்துவிட்டால் வேலையும் இலகு, புழுதியும் குறைவு. அகழ்வோர் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் காப்பு அணிதல் இன்றியமையாதது. மணற்புழுதி நுரையீரலைக் கெடுக்கும்; இரைச்சல் செவியைக் கெடுக்கும். விளையாட்டுக்காகவேனும் குழல்வாயை மனிதர் மீது திருப்புதல் ஆகாது. அமுக்கிய காற்று தோலைத் துளைத்து உட்சென்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் வெகு தூரத்தில் நிறுத்த வேண்டும்.

வெளிப்பட்ட மெல்லிய வேர்கள் வெயிலிற் சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும். ஆதலால் அகழ்ந்த இடத்தை நனைந்த சாக்கினால் மூடி, பரிசோதனை முடிந்தவுடன் மண்ணோடு மக்கிய பசளையைக் கலந்து நிரப்பி, நீர் வார்க்க வேண்டும். மரம் முழுவதையும் சுற்றி ஒரே நாளில் அகழ வேண்டுவதில்லை. அடிமரத்தை அச்சாகக் கொண்டு, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போல வெளிநோக்கிச் சில வாய்க்கால்களை அகழ்ந்து நிரப்புவது வழக்கிலுள்ள ஒரு முறை. அடிமரத்தை நெரிக்கும் பெரிய வேரைக் கண்டால் உடனே அறுத்துவிடல் தகாது. அதனை நம்பி மரத்தின் எத்தனை பங்கு வாழ்கின்றது என்பதை அறிந்தவரே அதற்குத் தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.

இத்தனையும் செய்த பின், அதே நிழலில் மறுபடியும் லொறியை நிறுத்தினால் பயன் யாது? மண் மீண்டும் இறுகிவிடும். செலவும் உழைப்பும் வீணாகும். மரத்தடியில் மூன்று நான்கு அங்குல உயரத்திற்குச் சருகும் மரத்தூளும் பரப்பி, அடிமரத்தைத் தொடாமல் சிறிது விலக்கி வைத்தால், மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் மண்ணைத் தாமே தளர்த்திக்கொண்டிருக்கும். காற்றுக் கருவி ஒரு நாளிற் செய்யும் உதவியை நிலைநிறுத்துவது இந்தச் சருகே.

இயந்திரம் வாங்கும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் இட எவராலும் இயலும். வண்டியைச் சற்று அப்பால் நிறுத்தவும், வீடு கட்டும்போது கல்லையும் மணலையும் மாமரத்தடியிற் குவியாமல் வேறிடத்திற் குவிக்கவும் இயலும். பாட்டனார் நட்ட மரம் பேரப்பிள்ளைக்கும் நிழல் தர வேண்டுமாயின், கிளையை நோக்குமுன் மரத்தடி மண்ணை ஒரு முறை குனிந்து தொட்டுப் பாருங்கள். விரல் இறங்காத மண்ணாயின், அங்கே வேர் மூச்சுக்குத் தவிக்கின்றது என்று அறிந்துகொள்ளுங்கள்.