கட்டத்துக்குள் ஓடும் கடிகாரம்

படக்கதைகளை நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள். சிலர் பள்ளிக் கையெழுத்து இதழுக்கு எழுதியும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிகழ்கிறது, யார் என்ன பேசுகிறார் என்று ஓவியருக்கு எழுதித் தருபவர் கதாசிரியர். அவருக்கு இயற்பியல் எப்படி உதவும்? புகழ்பெற்ற ஒரு கதையைப் பார்ப்போம்.

1973-இல் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 121-ஆம் இதழ் வெளிவந்தது. எழுதியவர் ஜெர்ரி கான்வே. வரைந்தவர் கில் கேன். கதாநாயகனின் காதலி க்வென் ஸ்டேசியை வில்லன் பாலத்தின் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்-மேன் வீசிய வலை அவளைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அவள் இறந்துவிடுகிறாள்! அவள் கழுத்தருகே 'ஸ்நாப்' என்று ஒரு சிறிய ஒலிச்சொல். வாசகர்கள் கொதித்தனர். திடீரென்று நின்ற அதிர்ச்சியே அவளைக் கொன்றது என்று பின்னொரு இதழில் விளக்கம் வந்தது.

இது சரிதானா? கணக்கிடுவோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். 80 மீட்டர் விழ 4 வினாடி ஆகும். அப்போது வேகம் வினாடிக்கு 40 மீட்டர். 50 கிலோ எடையுள்ள பெண்ணை வலை 0.1 வினாடியில் நிறுத்தினால், அவள்மீது சராசரியாக 20,500 நியூட்டன் விசை செயல்படும். அதையே 2 வினாடியில் மெல்ல நிறுத்தினால் 1,500 நியூட்டன் போதும். கொல்வதும் காப்பதும் வலை அல்ல, நேரம்!

ஆனால் மெல்ல நிறுத்த இன்னும் 40 மீட்டர் இடம் வேண்டும். இடம் இருக்கிறதா? கதையின் வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது. அதன் கோபுரம் 184 மீட்டர் உயரம். படமோ புரூக்ளின் பாலத்தின் சாயலில் இருக்கிறது. அதன் கோபுரம் சுமார் 84 மீட்டர்தான். முதலாவதில் அவளைக் காப்பாற்ற இடம் உண்டு. இரண்டாவதில் 4 மீட்டர்தான் மிச்சம். பாலம் மாறினால் கதையே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

இதிலிருந்து உங்களுக்குச் சில யோசனைகள்:

1. இடத்தையும் உயரத்தையும் தொலைவையும் ஓவியருக்கு எண்ணால் எழுதிக் கொடுங்கள். 'மிக உயரமான கட்டடம்' என்பது போதாது.

2. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும், அதில் எத்தனை வினாடி கழிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வசனத்தை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 4 வினாடியில் விழுபவன் நாற்பது சொல் பேச முடியாது. எட்டுப் பத்துச் சொற்களே அவனுக்குக் கிடைக்கும்.

4. ஒலிக்கும் நேரம் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மின்னல் வெட்டினால், 'டமார்' என்ற சொல்லை அதே கட்டத்தில் எழுதாதீர்கள். மூன்று வினாடி கழித்து வரும் கட்டத்தில் எழுதுங்கள். அந்த இடைவெளியே வாசகனைத் திகிலில் நிறுத்தும்.

அப்படியானால் கற்பனைக்கு இடமில்லையா? தாராளமாக உண்டு. மனிதன் சுவரில் ஏறட்டும், வலை வீசட்டும். அந்த ஓர் அதிசயத்தை வாசகன் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வான். மற்றவை நியூட்டனின் விதிப்படி நடந்தால்தான், பாத்திரத்துக்கு ஆபத்து வரும்போது அவன் மெய்யாகவே பதறுவான்.

இன்றே உங்கள் கதையில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை வினாடி ஓடுகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்!