காய்கறி, பழ விவசாயிகளுக்கான உணவுப் பாதுகாப்புச் சான்று

காய்கறி, பழ விவசாயிகளுக்கான உணவுப் பாதுகாப்புச் சான்று என்பது, உண்பவருக்குத் தீங்கு நேராத முறையில் ஒரு விளைபொருள் பயிரிடப்பட்டு அறுவடை செய்யப்பட்டது என்று ஓர் அமைப்பு வயலை ஆய்வு செய்து வழங்கும் சான்றாகும். அந்த அமைப்பு விவசாயிக்கும் வாங்குபவருக்கும் தொடர்பில்லாததாக இருக்கும். தமிழில் 'உணவுப் பாதுகாப்பு' என்ற சொல் அனைவருக்கும் போதிய உணவு கிடைப்பதையும் குறிக்கும். இங்கு அது நஞ்சும் நோய்க்கிருமியும் இல்லாத உணவைக் குறிக்கிறது.

சட்டமும் வயலும்

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, விவசாயியையும் அவர் வயல் அளவில் விளைவிக்கும் பொருளையும் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. மூட்டை வியாபாரியின் கைக்குச் சென்ற பிறகே சட்டம் தொடங்குகிறது. மாம்பழத்தைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பது குற்றம் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் வருவதுதான். ஆனால் பூச்சிமருந்து எச்சம் சேர்வது வயலில்தான். அந்த இடைவெளியை நிரப்புவது விவசாயி தானாக முன்வந்து பெறும் சான்றே.

அடையாள அட்டையும் சான்றும்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பின் விவசாயிக்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. விற்பவர் வியாபாரி அல்லர், விளைவித்தவரே என்பதை அது உறுதிசெய்யும். எந்த மருந்து, எப்போது தெளிக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது நல்ல வேளாண் நடைமுறைச் சான்று.

இச்சான்றில் கடினமான பகுதி காத்திருப்புக் காலம். மருந்து தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் வரையறை உண்டு. வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். காத்திருப்பு ஏழு நாள் என்றால் மூன்று பறிப்புகள் போகும். முற்றிய வெண்டையை யாரும் வாங்கமாட்டார்கள். விதி மீறப்படுவதற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அது பெரும்பாலும் வருமானக் கணக்கு. ஆகவே, பறித்த கையோடு தெளிப்பது, காத்திருப்பு குறைந்த மருந்தைத் தேர்வது, கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வேப்பங்கொட்டைச் சாறு அடிப்பது போன்ற வழிகள் தேவைப்படுகின்றன. காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் பயன்படுத்த 2005 முதல் தடை உள்ளது. அந்தப் பயிருக்குப் பதிவு பெறாத மருந்து கடையில் கிடைத்தாலும் தெளிக்கக் கூடாது.

ஆய்வாளர் முதலில் கேட்பது பதிவேட்டைத்தான். தேதி, மருந்தின் பெயர், அளவு, எந்தப் பூச்சிக்கு, அடுத்த பறிப்பு நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பாசன நீர் எங்கிருந்து வருகிறது, சாணம் நன்கு மக்கியதா, பறிப்பவர்களுக்குக் கைகழுவ வசதி உண்டா என்பதும் பார்க்கப்படும்.

பதிவேடு விவசாயிக்கே கவசம் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்தது எடுத்துக்காட்டு. அங்கு ஈ. கோலை கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. அந்நாட்டு விவசாயிகளின் விற்பனை சரிந்தது. முளைகட்டிய வெந்தயமே காரணம் என்று பின்னர்தான் தெரிந்தது. அதை முளைகட்டியது ஓர் இயற்கை வேளாண் பண்ணை. விதையோ எகிப்திலிருந்து வந்தது. இயற்கை விளைபொருள் என்ற சான்றும் பாதுகாப்பானது என்ற சான்றும் வேறு வேறு.

சான்று வகைகள்

ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் 1997இல் தொடங்கிய யூரெப்கேப், 2007 முதல் குளோபல்கேப் எனப்படுகிறது. ஏற்றுமதிக்கு இதையே பெரிதும் கேட்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவான எச்ச வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். உள்நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தின் இண்ட்கேப் உள்ளது. அங்கக வேளாண்மைக்கு 2001இல் வந்த தேசியத் திட்டமும், அருகருகே உள்ள குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒருவரையொருவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உறுதியளிப்புத் திட்டமும் தனி.

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் குளோபல்கேப் ஆய்வுக் கட்டணம் தனியாகக் கட்டுப்படியாகாது. அதற்காகக் குழுச் சான்று உள்ளது. குழு தன் உறுப்பினர் அனைவரின் வயலையும் ஆண்டுதோறும் தானே ஆய்வு செய்யும். வெளி ஆய்வாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவு வயல்களைப் பார்ப்பார்; 100 பேர் இருந்தால் 10 வயல். செலவு பங்கிடப்படுகிறது, பொறுப்பும்தான். ஒருவர் காத்திருப்பு நாளை மீறியது வெளிப்பட்டு, குழுவின் உள் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கத் தவறியது என்று தெரிந்தால், மொத்தக் குழுவின் சான்றும் நிறுத்திவைக்கப்படலாம். ஆகவே உறுப்பினர் சேர்க்கையின்போது நிலத்தின் பரப்பைவிட, நோட்டை அன்றன்றே எழுதும் பழக்கம் அவருக்கு உண்டா என்று பார்ப்பது குழுவுக்கு நல்லது.