இலத்தீன் வேர்வழிச் சொல்லறிவு: தமிழாசிரியர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுக் கல்வியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர், முன்பு கேட்டறியாத கலைச்சொற்கள் பலவற்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் எதிர்கொள்கின்றனர். அவற்றைப் பட்டியலிட்டு மனனம் செய்விப்பது எளிய வழியாகத் தோன்றினும், ஒரு சொல்லைக் கற்றதனால் அடுத்த சொல்லை அறியும் ஆற்றல் அதனால் வளர்வதில்லை. ஆங்கிலக் கலைச்சொற்களுள் மிகப் பல இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. ஆகவே, வேர்வழிக் கற்பித்தலின் பயனையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வேரும் கிளையும்

'ஸ்பெக்' என்னும் இலத்தீன் வேர் 'பார்' எனப் பொருள்படும். உள்நோக்கிப் பார்ப்பது 'இன்ஸ்பெக்ட்', திரும்பிப் பார்த்து மதிப்பது 'ரெஸ்பெக்ட்', கீழிருந்து பார்ப்பது என்னும் கருத்தில் ஐயுறுதலைக் குறிப்பது 'சஸ்பெக்ட்', பார்வையாளர் 'ஸ்பெக்டேட்டர்'. இவ்வேர் நம் மாணவர்க்கு முற்றிலும் புதியதன்று. மலாயில் அவர்கள் பயிலும் 'அஸ்பெக்', 'பெர்ஸ்பெக்டிஃப்', 'ஸ்பெக்ட்ரம்', 'இன்ஸ்பெக்டர்' ஆகிய சொற்களிலும் அதுவே உள்ளது. தெரிந்த மலாய்ச் சொல்லிலிருந்து தெரியாத ஆங்கிலச் சொல்லுக்குச் செல்லும் இவ்வழி, பன்மொழிச் சூழலில் வளரும் மாணவர்க்குரிய தனி வாய்ப்பாகும்.

முன்னொட்டும் திரிபும்

பகுபத உறுப்பிலக்கணம் பயிற்றிய ஆசிரியர்க்குச் சொல்லைப் பிரித்துக் காட்டுதல் கைவந்த கலை. எனினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தமிழில் பகுதி முன்னிற்க, விகுதி முதலியன அதன்பின் வரும். இலத்தீன்வழிச் சொற்களிலோ வேருக்கு முன்னும் ஒட்டுகள் நிற்கும். எனவே சொல்லின் முதலிலேயே வேரைத் தேடும் மாணவர் வழிதவறுவர்.

முன்னொட்டு வடிவம் திரிதலும் உண்டு. 'இன்' என்பது 'போர்ட்' என்னும் வேரோடு சேருங்கால் 'இம்போர்ட்' என்றாகிறது. 'மரம்', 'கள்' இரண்டும் சேர்ந்து 'மரங்கள்' ஆவதைக் கற்ற மாணவர்க்கு இது வியப்பளிக்காது. பின்வரும் எழுத்தின் பிறப்பிடத்திற்கேற்ப மூக்கொலி மாறுதலே இரண்டிலும் நிகழ்கிறது. மலாயில் 'பாச்சா' என்பது 'மெம்பாச்சா' ஆவதையும் உடன் காட்டலாம்.

வேர் காட்டாத பொருள்

வேர் பொருளுக்கு வழிகாட்டுமேயன்றி, பொருளை முடிவு செய்யாது. 'செப்டம்பர்' என்பதன் வேர் ஏழு என்னும் எண். அதுவோ ஒன்பதாம் மாதம். பழைய உரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியமையே இதற்குக் காரணம். 'மேனுஃபாக்சர்' என்பதன் வேர்ப்பொருள் கையால் செய்தல். இன்று அது பெரிதும் இயந்திர உற்பத்தியையே குறிக்கிறது. 'போர்ட்' என்னும் வேருக்குச் 'சும' என்பது பொருள். ஆனால் 'போர்ட்ரெய்ட்' என்பதில் அவ்வொலி இருப்பினும் அவ்வேர் இல்லை. அஃது 'இழு' எனப் பொருள்படும் வேறொரு வேரிலிருந்து வந்தது. 'இன்' என்பதும் சில சொற்களில் 'உள்' எனவும், சிலவற்றில் 'அல்லாத' எனவும் பொருள்படும்.

சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது எனத் தொல்காப்பிய உரியியல் கூறுவது இங்கும் பொருந்துகிறது. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு வேர் காணும் பழக்கத்தை ஆசிரியர் ஊக்குவித்தல் தகாது.

வகுப்பறை நடைமுறை

ஒரு பாடவேளையில் ஒரு வேரே போதும். மாணவர் அறிந்த நான்கைந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பொதுப்பகுதியை அவர்களே காணச் செய்க. பின்னர்ப் புதிய சொல்லொன்றை வாக்கியத்தில் தந்து, அதன் பொருளை ஊகிக்கச் செய்து, அவ்வூகம் வாக்கியத்திற்குப் பொருந்துமா எனச் சோதித்து, இறுதியில் அகராதியைக் காணச் செய்க. இம்முறையே தமிழுக்கும் ஏற்றது. 'கொள்' என்னும் பகுதியிலிருந்து கொள்கை, கொள்முதல், கொள்கலன், கொள்ளளவு, கோட்பாடு என விரியும் சொற்குடும்பத்தை இவ்வாறே அறிமுகப்படுத்தலாம்.

முடிவுரை

வேர்வழிக் கற்பித்தலின் நோக்கம் இலத்தீன் பட்டியல் ஒன்றைப் புதிதாக மனனம் செய்விப்பதன்று. அறியாத சொல்லைக் கண்டு அஞ்சாமல், அதனைப் பிரித்து நோக்கி, ஊகித்து, ஊகத்தைச் சரிபார்க்கும் பழக்கமே அதன் பயன். அப்பழக்கத்திற்கு வேண்டிய அடித்தளம் தமிழ் இலக்கண வகுப்பிலேயே இடப்படுகிறது. இதனைத் தமிழாசிரியர் உணர்ந்து செயற்படின், இலக்கணப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதாகாது, மாணவர் கற்கும் மும்மொழிக்கும் துணைநிற்கும்.