சமையற்குறிப்புச் செயலிகளில் அளவும் நேரமும் பதமும்

ஆய்வுச் சுருக்கம்

வாய்மொழியாகவும் அச்சு நூலாகவும் வழங்கிவந்த சமையற்குறிப்பு, இன்று கைக்கணினியின் திரையில் சமைக்கும் வேளையிலேயே படிக்கப்படுகிறது. இம்மாற்றத்தில் அளவும் நேரமும் கணினி கையாளும் தரவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. உணவு பக்குவமடைந்ததைக் காட்டும் பதம் அவ்வாறு வகுக்கப்படவில்லை. இதன் விளைவை அதிரசப் பாகினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சமையற்குறிப்பு, கைக்கணினி, செயலி, பதம், பாகு, அளவைகள்.

முன்னுரை

சமையலுக்கு நூல் உண்டு என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட மடைநூலின் நெறி வழுவாது ஆக்கிய உணவைக் குறிப்பிடுகிறது. அச்சுக் காலத்தில், 1951ஆம் ஆண்டு, எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. 2010இல் ஐபேட் விற்பனைக்கு வந்த பின்னர்ப் பரவிய கைக்கணினி, குறிப்பை அடுப்பு மேடைக்கே கொண்டுவந்துள்ளது. வீட்டு மூத்தோர் அருகில் இல்லாத ஊரில் சமைக்கக் கற்பவருக்கு இத்திரையே ஆசானாக அமைகிறது. ஆகவே, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

கையும் திரையும்

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் தலைவி, தயிர் பிசைந்த விரலைத் தன் ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். சமைப்பவரின் கை ஓய்வற்றது, பெரும்பாலும் ஈரமானது என்பதை அப்பாடல் காட்டுகிறது. கைக்கணினியின் தொடுதிரையோ, மின்கடத்தியாகிய விரல் படும்போது ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து இயங்குவது. நீரும் அம்மாற்றத்தை உண்டாக்குவதால், திரைமேல் தெறித்த துளியை அது விரலெனக் கொள்ளக்கூடும். ஈர விரல் பட்ட இடத்தைப் பிழையாகக் கணிக்கவும் கூடும். சிறிது நேரம் தொடாதிருப்பின், மின்கலச் சேமிப்பின் பொருட்டுத் திரை அணைந்துவிடும்.

இதனாலேயே செயலிகள் சில, திரை அணையாது காக்கும் வசதியையும் குறிப்பைக் குரலில் வாசிக்கும் வசதியையும் கொண்டுள்ளன. இவை தூய்மைக்கும் துணைபுரிவன. பச்சை இறைச்சியைத் தொட்ட கையால் திரையைத் தொட்டு, பின்னர் அத்திரையைத் தொட்ட விரலால் சமைத்த உணவைத் தொட்டால் நோய்க்கிருமிகள் உணவுக்கு இடம்பெயரும். இவை யாவும் கருவியைச் சார்ந்த இடர்கள், தீர்வும் எளிது. குறிப்பின் அமைப்பைச் சார்ந்த இடர் இவற்றினும் ஆழமானது.

குறிப்பு தரவாதல்

இணையத்திலுள்ள ஒரு குறிப்பின் பகுதிகளைக் கணினி பிரித்தறிவதற்குப் பொதுவான தரவமைப்பு வேண்டும். 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகிய தேடுபொறிகள் இணைந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் அத்தகைய அமைப்பை வழங்குகிறது. சேர்பொருள்கள், செய்முறைப் படிகள், ஆயத்த நேரம், சமைக்கும் நேரம், கிடைக்கும் அளவு, ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் புலங்கள் உள்ளன. நேரம் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரப்படி குறிக்கப்படுவதால், செயலி அதனைக் கூட்டலாம். அதன்படி குறிப்புகளை வரிசைப்படுத்தலாம்.

பதத்துக்கு இத்தகைய தனிப் புலம் இல்லை. ‘பச்சை வாசனை போகும் வரை’, ‘எண்ணெய் பிரிந்து வரும் வரை’ என்னும் தொடர்களைச் செய்முறைப் படியின் வாக்கியத்துள் எழுத இடமுண்டு. ஆனால், எழுதாது விடினும் குறிப்பு குறையுடையது என்று கணினிக்குத் தோன்றாது. பதம் இடம்பெறுவது எழுதுபவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிறது.

பதம் ஓர் அளவை

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி, பதம் என்பது சோதித்து அறியும் சான்று என்பதை உணர்த்துகிறது. வெண்ணெய் உருக்கும்போது சடசடப்பு அடங்குவது செவியால் அறியப்படுவது. மசாலாவின் பச்சை வாசனை நீங்குவது மூக்கால் அறியப்படுவது. பாகின் கம்பிப் பதம் விரலால் அறியப்படுவது.

அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுவோர், சிறிது பாகை நீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்ப்பர். அது கரையாமல் மென்மையான உருண்டையாகத் திரண்டால் மாவைச் சேர்ப்பர். கடலை மிட்டாய்க்குரிய பாகோ, நீரில் விட்டதும் இறுகி, ஓசையுடன் முறிய வேண்டும். நீர் ஆவியாக ஆகப் பாகின் செறிவு மிகுகிறது. செறிவு மிகக் கொதிநிலையும் உயர்கிறது. சர்க்கரைப் பாகில் மென்மையான உருண்டைப் பதம் ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியசிலும், ஓசையுடன் முறியும் பதம் ஏறத்தாழ 149 முதல் 154 டிகிரியிலும் அமைகின்றன. எனவே, பதம் பார்த்தல் வெறும் ஊகமன்று; வெப்பமானியின்றிப் பாகின் செறிவை அளக்கும் முறையாகும்.

அளவு பெருகும்போது

நான்கு பேருக்குரிய குறிப்பை எட்டுப் பேருக்கு மாற்றும் வசதி செயலிகள் பலவற்றில் உண்டு. அதனை அழுத்தியதும் வெல்லமும் நீரும் இரட்டிக்கின்றன. சமைக்கும் நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரே பாத்திரத்தில், ஒரே அளவான தீயில் நீர் இரட்டித்தால், ஆவியாக வேண்டிய நீர் இரு மடங்காகும். கிடைக்கும் வெப்பமும் பாத்திரத்தின் வாயகலமும் அவ்வாறே இருக்கும். முன்பு 10 நிமிடத்தில் பதத்துக்கு வந்த பாகு இப்போது அதே நேரத்தில் இளம்பாகாகவே நிற்கும். கடிகாரத்தை நம்பி மாவைச் சேர்ப்பவரின் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். நீரில் விட்டுப் பார்ப்பவருக்கு இப்பிழை நேராது.

அளவைகளிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுப்பதற்கு முன், 8 ஆழாக்கு 1 படி என்னும் கணக்கே தமிழர் அடுக்களைகளில் வழங்கிற்று. இன்றைய செயலிகளில் காணப்படும் ‘கப்’, அமெரிக்க வழக்கில் ஏறத்தாழ 240 மில்லிலிட்டரையும் ஆஸ்திரேலிய வழக்கில் 250 மில்லிலிட்டரையும் குறிக்கும். எல்லாப் பொருளையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் கெடாது. ஒரு பொருளைக் கப்பிலும் மற்றொன்றைக் கிராமிலும் அளக்கும்போதே இவ்வேறுபாடு உணவைப் பாதிக்கும்.

முடிவுரை

அளவு தொடக்கத்தை வரையறுக்கிறது. பதம் முடிவை வரையறுக்கிறது. நேரம் இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்பீடு மட்டுமே. தரவமைப்பு மூன்றனுள் இரண்டுக்கே தனியிடம் தந்துள்ளது. தமிழில் சமையற்குறிப்பு எழுதுவோர் ஒவ்வொரு படியிலும் பதத்தை முதலில் கூறி, நேரத்தைத் தோராயமாகப் பின்னர்க் குறிப்பது இக்குறையை ஈடுசெய்யும். பாத்திரத்தின் அகலத்தையும் தீயின் அளவையும் சுட்டுவதும் பயன்தரும். மூத்தோரின் கைப்பக்குவத்தைச் செயலியில் பதிவுசெய்வோர், ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இறக்கலாம் என்பது எதனால் தெரியும்?’ என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவுக்குரிய விடை எழுதப்படாவிடில், அம்மூத்தோருக்குப் பின் சமைப்பவருக்குப் பொருள்களின் பட்டியலே எஞ்சும், பக்குவம் எஞ்சாது.