சுடுகுழல் டியூனர்

சுடுகுழல் டியூனர் என்பது ரைபிளின் குழல்முனையில் பொருத்தப்படும், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய சிறு எடை ஆகும். பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும் இலக்குச் சுடும் போட்டியில் இது பயன்படுகிறது. டியூனர் குழலின் அதிர்வை நிறுத்துவதில்லை. குண்டு வெளியேறும் கணத்தில் குழல்முனை எந்த நிலையில், எந்தத் திசையில் அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை மாற்ற உதவுகிறது. டியூனரின் ஒரு நிலை உண்மையிலேயே நல்லதா, தற்செயலாக நல்லதாகத் தோன்றியதா என்று பிரித்தறிவதே இதைப் பயன்படுத்துவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.

பெஞ்ச்ரெஸ்ட் போட்டி

இப்போட்டியில் ரைபிளின் முன்பகுதி ஒரு தாங்கியின் மீதும் பின்பகுதி மணல்பையின் மீதும் இருக்க, சுடுபவர் உறுதியான மேசையின் முன் அமர்ந்து சுடுகிறார். உடல் நடுக்கத்தின் பங்கு பெரிதும் குறைந்துவிடுவதால், கருவி, தோட்டா, காற்று ஆகியவற்றின் வேறுபாடுகளே முடிவைத் தீர்மானிக்கின்றன.

பெரிய தோட்டாக்களைப் பயன்படுத்தும் பிரிவுகளில் 100, 200, 300 கஜத் தொலைவுகளில் 5 அல்லது 10 குண்டுகள் சுடப்படுகின்றன. அவற்றுள் மிகவும் விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் அளக்கப்படுகிறது. இத்துளைத் தொகுதி ‘குரூப்’ எனப்படும். சிறிய ‘.22 லாங் ரைபிள்’ தோட்டாவைக் கொண்டு 50 மீட்டர் தொலைவில் நடக்கும் போட்டிகளில் ஓர் அட்டையில் 25 இலக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி வீதம் அதிகபட்சம் 250 புள்ளிகள்.

பெரிய தோட்டாக்களைப் போட்டியாளர்களே நிரப்பிக்கொள்வதால், வெடிமருந்தின் அளவைச் சிறிது கூட்டியோ குறைத்தோ ரைபிளுக்குப் பொருத்தமாக்கலாம். .22 தோட்டா ஆலையிலிருந்து வரும் நிலையிலேயே பயன்படுத்தப்படுவது. தோட்டாவை மாற்ற இயலாதபோது குழலை மாற்றியமைக்க வேண்டியுள்ளது. அதனால்தான் டியூனர் .22 பிரிவில் மிகுதியாக வழக்கில் உள்ளது.

குழலின் அதிர்வு

மேசை விளிம்பில் ஓர் அளவுகோலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து மறுமுனையைத் தட்டினால் அது மேலும் கீழும் அதிரும். அதே முனையில் ஒரு சிறு எடையை ஒட்டினால் அதிர்வு மெதுவாகும். எடையைப் பிடிமானத்தை நோக்கி நகர்த்தினால் அதிர்வு மீண்டும் விரைவாகும். ரைபிளின் குழலும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டே. சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியாலும் பின்னுதைப்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து அதிர்கிறது.

இது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆங்கிலேய ஆய்வாளர் ஏ. மல்லாக் ரைபிள் குழல்களின் அதிர்வு குறித்த ஆய்வுக் கட்டுரையை 1901-ல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்டு ரைபிள், குறுந்தொலைவுத் திறனை வைத்து எதிர்பார்த்ததைவிட நெடுந்தொலைவில் நன்றாகச் சுட்டதற்கும் குழலின் இந்த அசைவே காரணமாகக் கூறப்பட்டது.

ஈடுசெய்தல்

ஒரே பெட்டியில் உள்ள தோட்டாக்கள்கூட ஒரே வேகத்தைத் தருவதில்லை. .22 குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் வெளியேறி, 50 மீட்டரைக் கடக்க 0.16 விநாடி அளவு எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 12 செ.மீ. கீழே இறங்குகிறது. வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தால் குண்டு மேலும் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இறங்கும். உயர்மட்டப் போட்டியில் இது புள்ளியை இழக்கப் போதுமானது.

மெதுவான குண்டு குழலை விட்டுச் சற்றுத் தாமதமாக வெளியேறுகிறது. அந்நேரத்தில் குழல்முனை மேல்நோக்கி எழும்பிக்கொண்டிருந்தால், மெதுவான குண்டு சற்று உயர்ந்த கோணத்திலும் விரைவான குண்டு சற்றுத் தாழ்ந்த கோணத்திலும் புறப்படும். எழும்பும் வேகம் சரியாக அமைந்தால் இரண்டும் இலக்கில் ஒரே உயரத்தைச் சேரும். இது நேர்மறை ஈடுசெய்தல் எனப்படுகிறது. டியூனரின் எடையும் இடமும் இந்த நேரப் பொருத்தத்தை மாற்றுகின்றன.

இந்த விளக்கத்திலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, ஈடுசெய்தல் ஒரு தொலைவுக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும்; 50 மீட்டருக்கு அமைத்தது 100 மீட்டருக்குப் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவது, வேக வேறுபாட்டால் வரும் செங்குத்துச் சிதறலையே இது குறைக்கும். காற்றால் வரும் பக்கவாட்டு விலகலையும் குறைபாடுள்ள குண்டையும் டியூனரால் திருத்த இயலாது.

அமைப்பும் பயன்பாடும்

பெரும்பாலான டியூனர்கள் மரையில் சுழலும் வளையமாக இருக்கும். நுண்ணிய அளவுக் குறிகளும் பூட்டும் திருகும் உண்டு. 1990-களில் ப்ரௌனிங் நிறுவனம் ‘பாஸ்’ என்ற பெயரில் இத்தகைய கருவியை வேட்டை ரைபிள்களில் பொருத்தி விற்றது.

டியூனரைத் திருப்புமுன் ரைபிளில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் காற்று அமைதியான வேளையில், ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த தோட்டாக்களைக் கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் குரூப் சுட்டு, செங்குத்துச் சிதறலை ஒப்பிடுவது வழக்கம். டியூனரின் எடை ரைபிளின் மொத்த எடையில் சேரும் என்பதால், பிரிவுக்குரிய எடை வரம்பையும் பார்க்க வேண்டும்.

தற்செயலும் உண்மையான மேம்பாடும்

எதையும் மாற்றாமல் சுட்டாலும் 5 குண்டு குரூப்பின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். இம்மாறுபாடு சராசரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சராசரி 10 மி.மீ. உள்ள ரைபிளில் 7 மி.மீ. குரூப்பும் 13 மி.மீ. குரூப்பும் இயல்பானவை.

ஒருவர் பத்து நிலைகளில் ஒவ்வொரு குரூப் சுடுவதாகக் கொள்வோம். டியூனருக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும், பத்தில் சிறியது 6 மி.மீ. அளவிலும் பெரியது 14 மி.மீ. அளவிலும் வரக்கூடும். காகிதத்தில் பார்ப்பவருக்கு ஒரு நிலை மற்றொன்றைவிட இருமடங்கு நல்லது என்று தோன்றும். மறுவாரம் அதே நிலையில் சுடும்போது சராசரி 10 மி.மீ.க்கே திரும்பும். ‘டியூனர் நிலை மாறிவிட்டது’ என்று அவர் மீண்டும் தேடத் தொடங்குவார். தோட்டாவும் காலமும் வீணாகும்.

சராசரி 10-லிருந்து 8 மி.மீ.க்குக் குறைந்ததை ஓரளவு நம்பிக்கையுடன் சொல்லவே, ஒவ்வொரு நிலையிலும் ஒரு டஜன் குரூப், அதாவது 60 குண்டுகளுக்கு மேல் தேவைப்படும். எனவே பல நிலைகளை ஒவ்வொரு குரூப்பால் சோதிப்பதைவிட, நல்லதாகத் தோன்றிய சில நிலைகளைத் தேர்ந்து, வேறு வேறு நாள்களில், வரிசையை மாற்றிச் சுட்டுப் பார்ப்பது பயன் தரும். அவ்வாறு மீண்டும் மீண்டும் சிறந்து நிற்கும் நிலையையே உண்மையான மேம்பாடாகக் கொள்ளலாம்.

டியூனரின் பயன் குறித்துச் சுடுபவர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பலரது முடிவுகள் மிகச் சில குண்டுகளின் அடிப்படையில் எடுக்கப்பட்டவை.