உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் 170 வருடம்

2010 ஜூலையில், பின்லாந்தின் ஓலாந்து தீவுகளை ஒட்டிய பால்டிக் கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தன. சுமார் 50 மீட்டர் ஆழம், ஏறக்குறைய 170 ஆண்டுகள். லேபிள் எல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. கார்க்கின் அடியில் இருந்த முத்திரையை வைத்துத்தான் வெவ் கிளிக்கோ போன்ற தயாரிப்பாளர்களைக் கண்டுபிடித்தார்கள். வாயில் வைத்தவர்களுக்கு முதலில் ஈர முடி வாடை! கிளாஸைச் சுழற்றிக் காற்றுப் பட்டதும் புகை, தோல், மசாலா மணம். லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை வேறு. இன்றைய ‘புரூட்’ ஷாம்பெயினில் 12 கிராமுக்கும் குறைவுதான். அந்தக் காலத்தில் பாயசமாகத்தான் குடித்திருக்கிறார்கள்.

இப்போது ஜின், ரம் வடிக்கும் சிறு ஆலைகளும் பாட்டில்களைக் கடலில் இறக்கிப் பார்க்கின்றன. ஆனால் ஜின் கதை வேறு. ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை எல்லாம் சாராயத்தில் சேர்த்து, செப்புக் கொப்பரையில் மறுபடி வடித்தால் வேலை முடிந்தது. விஸ்கிக்கு முதிர்ச்சி தருவது மரப் பீப்பாய். கண்ணாடிக்குள் மரம் ஏது? கடல் தருவது இருட்டும் குளிர்ச்சியும்தான். பாட்டில் மேல் ஒட்டிவரும் கொட்டலசுக்கே பாதி விலையோ என்று எனக்குச் சந்தேகம். கடலடியில் வைத்த வொயினுக்குள் கடல்நீர் கசிந்து அசுத்தம் சேரலாம் என்று 2015இல் அமெரிக்க அரசு எச்சரித்தது.